பயத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்

விசிட்டிங் கார்டில் என் பதவி 'எக்ஸிகியூட்டிவ், வெல்னஸ் சப்போர்ட்' என்று இருக்கிறது. அப்பா கொஞ்சம் கார்டுகளை வாங்கிக்கொண்டு போய் மஞ்சள் மண்டியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர் அங்கே மூட்டை தூக்குகிறவர். என் மகள் ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை. மேனேஜருக்கு வரவேண்டிய பயத்தை அவருக்குப் பதிலாக நான் படவேண்டும்.

எங்கள் வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.பி.ஏ. கடைசி வருடம் இந்தக் கம்பெனி காலேஜுக்கே ஆள் எடுக்க வந்தது. பெருந்துறையைத் தாண்டி கோவை சாலையில் இருக்கிற பெரிய சாயத் தொழிற்சாலை. கணக்கு கேட்கவில்லை, இங்கிலீஷ் பேசச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் குணம் பார்க்கிற பரீட்சை ஒன்றை மட்டும் வைத்தார்கள். காரணமில்லாமல் ஒருவர் உங்களைத் திட்டினால் என்ன செய்வீர்கள்? உங்கள் முறை வரும்போது தண்ணீர் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்? அரசு விடுதியில் தங்கிப் படித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது. உள்ளே எரிந்தது. ஆனால் எதை அழுத்தினால் வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். 'பொறுத்துக்கொண்டு வேலையை முடிப்பேன்' என்று வரிசையாக அழுத்திவிட்டு எழுந்து வந்தேன். கூட எழுதிய டாக்டர் மகளுக்குக் கிடைக்கவில்லை, மில்காரர் மகனுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹெச்.ஆர். மேடம் பெயர் அபர்ணா. சென்னைக்காரர். எதற்கும் குரல் உயராது, சிரிப்பும் குறையாது. சேர்ந்த அன்றைக்கு என்னை எதிரில் உட்காரவைத்து அவர்தான் விளக்கினார்.

"ஒரே வேலையை ரெண்டு மேனேஜர்கிட்ட குடுங்க, கோகிலவாணி. ஒருத்தர் சாயங்காலம் ஷட்டில் ஆடப் போவாரு. இன்னொருத்தர் பிரஷர் மாத்திரை போட்டுட்டுப் படுத்துப்பாரு. வேலை ஒண்ணுதான், குணம் வேற. குணத்தை மாத்த முடியாது. வேலையைக் குறைக்கவும் முடியாது. அப்ப டென்ஷனைத்தானே நகர்த்தணும்?"

"அதை அப்படியே அமுக்கிட முடியாதுங்களா மேடம்?"

"பண்ணிப் பார்த்தாங்க. அமுக்கினா வீட்டுக்குப் போனதும் ரெண்டு மடங்கா திரும்பி வருது. ஒரு உடம்புல கிளம்பின பயம் ஒரு உடம்புல முடியணும். முடிஞ்சாதான் தீரும். ஆனா அது அதே உடம்பா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. அதைத்தான் கண்டுபிடிச்சாங்க."

மேனேஜரின் காதுக்குப் பின்னால் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். எனக்கும் ஒன்று. அவருக்குள் பயம் கிளம்புகிற நிமிடத்தில் அவருடைய பட்டை அதை எடுத்து என்னுடையதற்கு அனுப்பும். என் நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், வயிற்றைப் பிசையும். எதற்காக என்று மட்டும் தெரியாது. காரணம் அவரிடமே தங்கிவிடும், பயம் மட்டும் என்னிடம் வரும். சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்து, பிடித்து, விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவேண்டும். நான் இறக்கி முடித்தால் மேலே அவருக்கு மனசு லேசாகிவிடும்.

இதற்காகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு பெரிய அறை. வாசலில் 'நலவாழ்வு மையம்' என்று எழுதியிருக்கிறது. நாங்கள் குடோன் என்போம். உள்ளே இருக்கிற எல்லாரும் பெண்கள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் எல்லாரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். யாருடைய பயம் யாருக்கு வருகிறது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். மேனேஜர்களைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, அவர்களுடைய லிஃப்ட்டில் ஏறக்கூடாது. பெயர் தெரியாததால் 'என் ஆளு' என்று சொல்லிக்கொள்வோம். "என் ஆளு இன்னைக்கு லீவு போலருக்கு, வெயிட்டே இல்ல" என்று ஒருத்தி காலை நீட்டிப் படுப்பாள். பக்கத்து நாற்காலிக்காரியின் முகம் திடீரென்று வெளுத்தால், "என்ன, உன் ஆளுக்கு வீட்டுக்காரம்மா போன் பண்ணிட்டாங்களா?" என்று கேட்போம். சிரிக்காவிட்டால் அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியாது.

என் பக்கத்து நாற்காலி ஜெபராணி. திசையன்விளைக்காரி. ஒருத்தி பட்டையைக் கழற்றினால் அவளுக்கு வருவது பக்கத்து நாற்காலிக்கு மாறிவிடும். நாங்கள் பாத்ரூம் போய் வருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் என் ஆளை ஜெபராணிக்கும் தெரியும், அவள் ஆளை எனக்கும் தெரியும். "உன் ஆளு நல்லவருட்டி. பயப்படுததுலகூட ஒரு மரியாதை இருக்கு" என்பாள்.

என் ஆள் யார் என்று கண்டுபிடித்தது கம்பெனி ஆண்டு விழாவில். பணியில் அதிக மனநிறைவு உள்ள மேனேஜருக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். மேடையில் பிளான்ட் மேனேஜர் சம்பத்குமார் பெயரைக் கூப்பிட்டார்கள். விழாவிலும் பட்டையைக் கழற்றாமல் பின் வரிசையில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த நொடியில் நாக்கு வறண்டு கால் உதறியது. அவர் சிரித்துக்கொண்டே படி ஏறினார். மைக்கைப் பிடித்து, முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு கலங்கும், இப்போது திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறேன் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இறக்கிக்கொண்டிருந்தேன்.

பழைய ஆட்களிடம் அவரைப் பற்றிப் பிறகு விசாரித்துக்கொண்டேன். பட்டைக்கு முன்னால் அவர் பெரிய பயந்தாங்கொள்ளியாம். பூட்டிய கதவை மறுபடி போய் இழுத்துப் பார்ப்பாராம். பாய்லர் பக்கம் நடந்துகொண்டே இருப்பாராம், எல்லாரையும் திட்டுவாராம். இப்போது யாரையும் திட்டுவதில்லை. லேபர் மத்தியில் நல்ல பெயர். வீட்டிலும் நிம்மதி, பையனுக்குக் கணக்குகூடச் சொல்லித் தருகிறார் என்றார்கள். அந்தத் திட்டத்தால் நல்லதே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நல்லது நடந்தது. அது மேல் மாடியில் நடந்தது. கீழே எங்களுக்குத் தலைமுடி கொட்டியது, மாதவிலக்கு தள்ளிப்போனது. ஜெபராணி இந்த வயதில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். அப்பா மூட்டையோடு வழுக்கி விழுந்தார் என்று போன் வந்தபோது நான் பதறவில்லை. பதறுகிற இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தம்பி போனிலேயே, "ஏன்க்கா, உனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டான்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மறுநாள் சோதனைக்கு வருகிறார்கள் என்று தொழிற்சாலை முழுக்கக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது.

மீட்டிங் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். வயிற்றில் தொடங்கும், கூடவே கொஞ்சம் அவமானம் இருக்கும், இறக்கினால் இறங்கிவிடும். அன்றைக்கு வந்தது வேறு. காலிலிருந்து சில்லிட்டு ஏறியது. தொண்டையில் ஏதோ அடைத்தது. பயத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிற மாதிரி, வந்த வழி தெரிந்து வருகிற மாதிரி வந்தது. நான் என் வேலையைச் செய்தேன். இழுத்து, பிடித்து, விட்டு, மெதுவாக இறக்கினேன். நல்லபடியாக இறங்கியது. தண்ணீர் குடித்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் இறக்கினேன். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு, சீக்கிரம் முடிப்பேன் என்று.

மூன்றாவது தடவை வந்தபோது ஜெபராணி தலையைத் திருப்பி, "என்னட்டி, இன்னைக்கு உன் ஆளு விடமாட்டுக்காரே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் ஏதோ ஒன்றை நினைக்கிறார். உடம்பு வேண்டாம் என்கிறது. அந்த 'வேண்டாம்' என்பதை நான் வாங்கி, மூச்சு விட்டுக் கரைத்துவிடுகிறேன். அவர் மறுபடி நினைக்கிறார். உடம்பு மறுபடி சொல்கிறது. நான் மறுபடி கரைக்கிறேன். அந்த மனிதர் எதற்கோ பயப்படப் பார்க்கிறார், நான் பயப்பட விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜெபராணியிடம் சொன்னேன். எங்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற கவுன்சிலரைக் கூப்பிடலாமா என்றாள். கவுன்சிலர் வந்தால் என்ன செய்வாள், எனக்குப் பதிலாக அவளும் இறக்குவாள். நான் மேலே போகிறேன் என்றேன். வேலை போய்விடும் என்றாள். போகட்டும் என்று சொல்லிவிட்டுப் பட்டையைப் பிய்த்தேன். அடுத்த நொடி அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்தது.

"இது வேற எதுவோ," என்றாள். "நீ போ. நான் இறக்க மாட்டேன். அப்படியே புடிச்சு வெச்சிருக்கேன். ஏட்டி, சீக்கிரம் போ."

மேனேஜர்கள் லிஃப்ட்டில் ஏறினேன். உள்ளே மல்லிகை வாசனை அடித்திருந்தார்கள். எங்கள் லிஃப்ட்டில் பினாயில்தான்.

சம்பத்குமார் அறையில் தனியாக இருந்தார். டிபன் பாக்ஸில் உரித்த மாதுளையை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தும் கோபப்படவில்லை.

"என்ன கண்ணு, வழி தெரியாம வந்துட்டயா?"

"இல்லீங்க சார். உங்க பட்டை அனுப்பறது எனக்குத்தானுங்க வருது."

ஸ்பூனைக் கீழே வைத்தார். "அப்படியா. ஒக்காரு. ரொம்பக் கஷ்டமா இருக்குதா?"

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலையிலிருந்து என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். கழிவுநீர்த் தொட்டியில் சேறு நிரம்பிவிட்டது. மூடியைத் திறந்தே நாளாகிறது. நாளைக்குச் சோதனை, அதற்குள் சுத்தம் செய்தாக வேண்டும். உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கிற கருவி ரிப்பேருக்குப் போயிருக்கிறது, வர இரண்டு நாளாகும். கான்ட்ராக்டர் கயிறு கட்டி ஆள் இறக்குகிறேன் என்றார். மூன்று பேர். டீ குடித்துவிட்டு இறங்கச் சொல்லி அனுமதி கொடுத்தாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில் என்ன காய் என்று சொல்வதைப்போல இதைச் சொன்னார்.

"இதுக்கு முன்னால இப்படி இறங்கி யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்குங்களா?"

"இங்க ஆகல. கரூர்ல வேற கம்பெனில இருந்தப்ப ஒருத்தன் போயிட்டான். மாதையன்னு பேரு. கவுத்த நானுந்தான் புடிச்சு இழுத்தேன். மேல வந்தப்ப வாயெல்லாம் நொரை." டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினார். "மாதுளை எடுத்துக்க கண்ணு. மொகமே வெளுத்துக் கெடக்குது."

"அப்ப ஆபத்துன்னு தெரியுதுங்களா சார்?"

"தெரியாம என்ன. நல்லாத் தெரியும். கான்ட்ராக்டர் அனுபவஸ்தன். இன்ஸ்பெக்‌ஷனும் இருக்குது. எல்லாத்தையும் சேத்திப் பாத்தா செஞ்சரலாம்னுதான் தோணுது."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாத எதையும் அவர் மறைக்கவில்லை, அவருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிட முடியாது. தெரிந்தபின் கையைப் பிடித்து நிறுத்துகிற சக்தி மட்டும் அவரிடம் இல்லை. அது அடித்தளத்தில் ஜெபராணியின் வயிற்றில் இருந்தது. சட்டம் பேசலாமா, காலில் விழலாமா, கத்தலாமா என்று நினைத்தேன். கத்தினால் தண்ணீர் கொடுப்பார். காலில் விழுந்தால் தூக்கி உட்காரவைப்பார்.

"சார், அந்தப் பட்டையைக் கழட்டிட்டு இதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லுங்க. அப்புறம் போட்டுக்கங்க."

"எதுக்கு?"

"எனக்காகங்க சார். ஒரு உதவியா."

மறுப்பதற்கும் ஒரு பதற்றம் வேண்டும். அவரிடம் அதுகூட இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டுக் காதுக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கீழே முடிக்காமல் வைத்திருந்த பயம் வந்த வழியே திரும்பும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அது உறுதியாகத் தெரியாது.

"மூணு பேரு எறங்கறாங்க," என்று ஆரம்பித்தார். "டீ குடிச்சுட்டு மூணு பேரு..."

வாய் அப்படியே நின்றது. கண் என்னைத் தாண்டி எங்கேயோ போனது. மேஜையைப் பிடித்து எழுந்தார், டிபன் பாக்ஸ் கவிழ்ந்தது. போனை எடுத்தார், விரல் நம்பரில் நிற்கவில்லை. நான் பிடுங்கி, தொட்டிப் பக்கம் இருக்கிற சூப்பர்வைசரின் பெயரைத் தேடி அழுத்தி அவர் வாயருகே வைத்தேன். அவருக்குச் சத்தம் வரவில்லை. நானே, "பிளான்ட் மேனேஜர் ஆபீஸ். ஆளுங்கள ஏறச் சொல்லுங்க, உடனே" என்றேன். அந்தப் பக்கம் சூப்பர்வைசர் யாரம்மா நீ என்று விசாரணை ஆரம்பித்தார். அதற்குள் சம்பத்குமார் அறையை விட்டு ஓடியிருந்தார். லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒருவன் ஏணியில் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தான். சம்பத்குமார் தரையில் குப்புற விழுந்து அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "ஏறு சாமி, ஏறு சாமி" என்று அழுதார். சுற்றி நின்ற இரண்டு பேரும் பெரிய ஆபீசருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழுத்து மேலே போட்டதும் அந்தப் பையன் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். சோடா குடித்தான். பிறகு எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, இன்றைக்கு வேலை இல்லையென்றால் கூலி உண்டா என்று கேட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் சாகாததால் ஒன்றும் நடக்காத மாதிரிதான் ஆனது. சோதனையில் அபராதம் போட்டார்கள், ஒரு லாட் சரக்கு தாமதமாகப் போனது. அதற்கு விசாரணை வைத்தார்கள். வேலையை ஏன் நிறுத்தினீர்கள் என்று சம்பத்குமாரைக் கேட்டிருக்கிறார்கள். பயந்துவிட்டேன் என்றாராம். வேறு காரணம் இருக்கிறதா என்றார்களாம். அதுதான் காரணம் என்றாராம். குணம் பதவிக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார்கள், ஆனாலும் அனுபவசாலி என்று வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரத்தில் அவரே போய்ப் பட்டையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். தூக்கமே இல்லையாம். கண்ணை மூடினால் மாதையன் வருகிறானாம். கேள்விப்பட்டதும் எனக்குத் திட்டத்தான் வந்தது. பிறகு விட்டுவிட்டேன். பெயர் தெரியாமல் மாதையனை நானும் வாங்கியிருக்கிறேன். சும்மா ஒரு காலைப்பொழுதுக்கு. அவர் வருடக்கணக்காக வைத்திருந்தவர்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேலை போகிறது என்றுதான் போனேன். அபர்ணா மேடம் அதே சிரிப்போடு காபி வாங்கி வைத்திருந்தார்.

"விதியை மீறிட்டீங்க. ஆனா ரிசல்ட் நல்ல ரிசல்ட்," என்றார். "இதுலருந்து நாங்க ஒண்ணு கத்துக்கிட்டோம். நீங்க எல்லாரும் ஒரு எச்சரிக்கை சிஸ்டம் மாதிரி. இவ்வளவு நாள் அதை வீணடிச்சிருக்கோம்."

இனிமேல் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பொத்தான் இருக்கும் என்றார். வழக்கத்துக்கு மாறான பயம் வந்தால் அழுத்தவேண்டும். மணி அடிக்கும், அந்த மேனேஜரின் பட்டையில் சிவப்பு விளக்கு எரியும், அவர் பார்க்கிற வேலை அந்த இடத்தில் நிற்கும். அவர் பட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே வந்து, எதற்கு அந்தப் பயம் என்று எங்களிடம் சொல்லவேண்டும். சாதாரணமா இல்லையா என்று நாங்கள் தீர்மானிக்கவேண்டும். சாதாரணம் என்று நாங்கள் சொன்னால்தான் வேலை மறுபடி தொடங்கும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. காபியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"நான் பொத்தானை அழுத்தாம விட்டு, யாராச்சும் செத்துட்டா மேடம்?"

"உங்க தீர்ப்பு மேல கம்பெனிக்கு நம்பிக்கை இருக்கு, கோகிலவாணி."

"அந்த மேனேஜரைக் கேப்பீங்களா, என்னைக் கேப்பீங்களா?"

"அவருக்குத்தான் பயமே வரலையே. பயம் வந்தது உங்களுக்கு. அப்ப சொல்லவேண்டியது நீங்கதானே?"

காபியைக் குடிக்காமல் வைத்தேன். பயத்தைக் கீழே இறக்கியிருந்தார்கள், இப்போது பழியையும் இறக்குகிறார்கள். மேலே மிச்சமிருப்பது சம்பளமும் மனநிறைவும். நாளைக்குத் தொட்டியில் ஒருவன் செத்தால் போலீஸ் ஜீப்பில் ஏறப்போவது மஞ்சள் மண்டி மூட்டைக்காரர் மகள். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். போடாவிட்டால் அந்த நாற்காலிக்கு என்னைப்போல இன்னொருத்தி வருவாள், அவளும் பொறுத்துக்கொண்டு வேலையை முடிப்பேன் என்று அழுத்திவிட்டு வந்தவளாகத்தான் இருப்பாள்.

கீழே வந்து எல்லாரிடமும் சொன்னேன். வழக்கத்துக்கு மாறானது எது, வழக்கமானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருத்தி கேட்டாள். காரணம்தான் நமக்கு வராதே என்றாள் இன்னொருத்தி. அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மாத்திரையை விழுங்கிய ஜெபராணிதான் சொன்னாள்.

"நமக்குத் தெரியாதுன்னா நாம ஏன் தீர்மானிக்கணும்? எது வந்தாலும் அமுக்கிர வேண்டியதுதான்."

பொத்தான் பொருத்திய முதல் காலை, ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதல் மணி அடித்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் எண்ணவில்லை. டிஸ்பேட்ச் நின்றது, பர்சேஸ் நின்றது, கணக்குப் பிரிவில் ஒரு காசோலைகூட நகரவில்லை. பட்டையைக் கழற்றிய மேனேஜர்கள் ஒவ்வொருவராகப் படியில் இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். உள்ளே பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்தோம். கணக்கு மேனேஜர், எம்.டி. திருப்பி குட்மார்னிங் சொல்லவில்லை என்றார். டிஸ்பேட்ச் மேனேஜர், தனக்குக் கீழே இருக்கிற பையன் எம்.பி.ஏ. சேர்ந்துவிட்டான் என்றார். ஒருவர் வீட்டில் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அவருடைய பயத்தை ஒரு வருடமாக வாங்கிக்கொண்டிருந்த பெண், "இதுக்குத்தானா சார் எனக்கு முடி கொட்டுச்சு?" என்று கேட்டாள்.

சம்பத்குமார் என் எதிரில் உட்கார்ந்தார். கை நடுங்கியது. அவருடைய கைதான், என்னுடையதில்லை.

"சொல்லுங்க சார்."

"நீ அமுக்கிருவயோன்னுதான் கண்ணு பயந்தேன்."

ஜெபராணி சிரித்துவிட்டாள். வேறு என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். மூன்றாவது பாய்லர் பக்கத்தில் ஒரு நீராவிக் குழாயின் இணைப்பு கசிகிறது, அடுத்த பராமரிப்பு ஷட்டவுன் வரைக்கும் தாங்கும் என்று விட்டுவைத்திருக்கிறேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. அங்கிருந்தே போன் செய்து அந்தப் பக்கத்து ஆட்களை வெளியே அனுப்பச் சொன்னார். பிறகும் எழுந்து போகவில்லை. பட்டை சட்டைப் பையில்தான் இருந்தது.

அபர்ணா மேடம் வந்தது அப்போதுதான். வரிசையைத் தாண்டி உள்ளே வந்து நடுவில் நின்றார். சிரிப்பு அப்படியே இருந்தது.

"எம்.டி. குட்மார்னிங் சொல்லாததெல்லாம் வழக்கத்துக்கு மாறான பயமா? கொஞ்சம் யோசிச்சு அமுக்கக்கூடாதா நீங்க?"

"எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றேன். "அவங்க வந்து சொன்னாத்தானுங்களே தெரியும்."

அவர் பொறுமையாக, இப்படியே போனால் உற்பத்தி என்ன ஆகும், இந்தத் திட்டம் என்ன ஆகும், எங்கள் வேலை என்ன ஆகும் என்று விளக்கத் தொடங்கினார். குரல் கொஞ்சமும் ஏறவில்லை. கைகூட அசையவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மூலை நாற்காலியிலிருந்து மணி அடித்தது. திரும்பிப் பார்த்தோம். அங்கே இருந்தவள் நாமக்கல் பக்கத்துப் பெண், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள், பல்லைக் கடித்திருந்தாள். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அபர்ணா மேடத்தையே பார்த்தாள்.

மேடத்தின் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு விளக்கு சிவப்பாக மினுங்கியது. அவர் கை மெதுவாக அங்கே போனது.

ஜெபராணி படியைக் காட்டினாள். "மேடம், வரிசை அங்கருந்து ஆரம்பிக்குது."

பட்டையைக் கழற்றியதும் முதலில் போனது சிரிப்புதான். என்னைப் பார்த்தார், பொத்தானை அழுத்திய பெண்ணைப் பார்த்தார். பிறகு நடந்து போய், வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.